பேணுதலுக்குக் கொஞ்ச நேரம்

ஃபாஸ் நகரம்
ரமலான் பிறை 21, ஹிஜ்ரி 742

அண்ணா,

ஸலாம். மராகேஷ் போய்ச் சேர்ந்த கையோடு எழுதுவதாகச் சொன்னாய். நோன்பே முடியப்போகிறது, உன் கடிதம் வந்தபாடில்லை. அந்த ஊர்ப் பெரிய பள்ளிவாசலுக்குக் கடிகாரம் செய்கிறவருக்கு இங்கே மன்னானா என்று ஒரு தங்கை இருப்பது எங்கே நினைவுக்கு வரும்? போகட்டும். நானே எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று உன் கடிகாரம் என் குடித்தனத்தைக் காப்பாற்றியது. உன் மைத்துனர் ஸைதூனைப் பற்றி நீ இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இதைப் படித்துவிட்டாவது கொஞ்சம் சிரி.

அவர் நோன்பு திறக்க என்றைக்கு நேரத்துக்கு வீட்டுக்கு வந்திருக்கிறார்? தோல் பதனிடும் தொட்டியில் இறங்கிவிட்டால் உலகமே மறந்துவிடும். ஹரீராக் கஞ்சி ஆறி ஆடை கட்டிய பிறகு, கையெல்லாம் மாதுளைத்தோல் சாயத்தோடு மஞ்சளாக வந்து நிற்பார். நேற்றுக் காலை வாசலிலேயே பிடித்துக்கொண்டேன். வெளியே அவருடைய கூட்டாளிகள் நின்றார்கள், பக்கத்து வீட்டு ஆலிமும் நின்றார். கோபத்தில் நான் அதைக் கவனிக்கவில்லை.

"இன்னைக்காவது என் மூஞ்சியப் பாத்து நோன்பு தொறப்பீங்களா, இல்ல ஆட்டுத்தோல் மூஞ்சியப் பாத்துத்தானா?" என்று கேட்டுவிட்டேன்.

கூட்டாளிகள் கொல்லென்று சிரித்தார்கள். அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்குறியா? இன்னைக்கு சூரியன் அடையறதுக்குள்ள நான் இந்த வாசப்படிக்குள்ள கால் வைக்கலன்னா நீ எனக்கு முத்தலாக், போ" என்றார்.

சிரித்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. ஆலிம் தலையில் கை வைத்துக்கொண்டார். சொன்னவருக்கே முகம் வெளுத்துப்போயிற்று. ஆனாலும் வீறாப்பாக விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

பகல் முழுக்க மழை. சூரியன் வானத்தில் எங்கே இருக்கிறது என்றே யாருக்கும் தெரியவில்லை. இந்த மாதிரி நாளில் ஊருக்கே கதி நீ இங்கே பள்ளிவாசலில் செய்து வைத்துவிட்டுப் போன தண்ணீர்க் கடிகாரம்தானே. அதன் பித்தளைப் பருந்து அலகைத் திறந்து உருண்டையைத் தாம்பாளத்தில் போட்டால்தான் மஃக்ரிப், நோன்பு திறக்கும் நேரம். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் மோதினார் பாங்கு சொல்கிறார். நான் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே வாசலைப் பார்க்கிறேன். மாடிகளிலிருந்து பெண்கள் எட்டி எட்டிப் பார்க்கிறார்கள். "சந்துல கழுத விழுந்து வழியே அடச்சுக் கெடக்காம்" என்கிறாள் ஒருத்தி.

அப்போது ஓடிவந்தார் பார். ஒரு காலில்தான் செருப்பு. கழுதை மேலேயே ஏறிக் குதித்து வந்தாராம். உள்ளே வந்து, உட்கார்ந்து, பேரீச்சம்பழத்தைக் கையில் எடுத்தார். டங்கென்று உருண்டை விழுந்தது. தெருவே சத்தம் போட்டது. "தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு, இனிமே அந்த வாய அடக்குப்பா" என்றார் ஆலிம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அண்ணா, அந்த மனுஷன் இல்லாமல் எனக்கு ஒருநாள் ஓடாது. உனக்குப் பிடிக்காவிட்டாலும் இதுதான் உண்மை. பெருநாளைக்கு உனக்கு நல்ல செம்மஞ்சள் தோலில் ஒரு பை அனுப்பச் சொல்கிறேன்.

உன் தங்கை
மன்னானா

*

மராகேஷ்
ஷவ்வால் பிறை 8

மன்னானா,

நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். உன் கடிதத்தைக் கொண்டுவந்த ஒட்டகக்காரர் நாளை திரும்புகிறார், அதற்குள் இதை எழுதியாக வேண்டும்.

நான் கேட்பதற்கு மட்டும் பதில் எழுது. அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை என்ன? சூரியன் அடைவதற்குள் என்றானா, உருண்டை விழுவதற்குள் என்றானா? நன்றாக யோசித்து எழுது. உனக்கு நினைவில்லாவிட்டால் ஆலிமிடம் சாடைமாடையாகக் கேள். கேட்பதற்குக் காரணம் சொல்லாதே.

அடுத்தது, அவன் வாசற்படிக்குள் கால் வைத்ததிலிருந்து உருண்டை விழுந்தது வரை என்னென்ன நடந்தது? நீ "வந்து, உட்கார்ந்து, பழத்தை எடுத்தார்" என்று எழுதியிருக்கிறாய். கதை சொல்வதற்கு அது போதும், எனக்குப் போதாது. யார் என்ன பேசினீர்கள், எதை எடுத்தீர்கள், எதை வைத்தீர்கள் என்று ஒன்று விடாமல் எழுது.

உன் பதிலுக்கு நான் பதில் எழுதும் வரை நீ அவனோடு ஒரே அறையில் இருக்க வேண்டாம். அண்ணன் எழுதக்கூடிய விஷயமா இது என்று நீ நினைப்பாய். எழுதும் எனக்கும் கை கூசுகிறது. தலைவலி என்று சொல், காய்ச்சல் என்று சொல், என்னவோ சொல். என்னைத் திட்டிக்கொள். ஆனால் சொன்னதைச் செய்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் தன் வாயால் உன்னையும் கெடுத்துவிடுவான் போலிருக்கிறது.

ஹம்மூ

*

ஃபாஸ்
ஷவ்வால் பிறை 24

அண்ணனுக்கு,

இதென்ன கடிதம்? பெருநாள் வாழ்த்து இல்லை, நன்றாயிருக்கிறாயா என்ற ஒரு சொல் இல்லை. திருடனை விசாரிப்பது போல் கேள்வி. போதாததற்கு, புருஷனோடு இருக்காதே என்று உத்தரவு வேறு.

உனக்கு அவரைக் கண்டால் ஆகாது. எனக்குத் தெரியாததா? தோல்காரன் நாற்றம் இந்த வீட்டுக்குள் வேண்டாம் என்று நீ வாப்பாவிடம் சண்டை போட்டது எனக்கு அடுத்த அறையில் கேட்டது. கல்யாணத்தன்று அவர் உன் பருந்தைப் பார்த்து, "இது முட்டை போடுமா மச்சான்?" என்று வேடிக்கையாகக் கேட்டார். அன்றிலிருந்து நீ அவரோடு பேசுவதில்லை. வருஷக்கணக்காக ஒரு கேலியை மனதில் வைத்திருக்கிறவன் நீ ஒருவன்தான். இப்போது எங்களைப் பிரித்து வைக்க ஏதோ வழி கிடைத்திருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

ஆனாலும் பயந்துவிட்டேன். நீ குணத்தில் கல், ஆனால் வீண் வார்த்தை பேசாதவன். அதனால் தலைவலி என்று சொல்லி மாடியறையில் படுக்கிறேன். அவர் தினமும் வந்து கதவுக்கு வெளியே நின்று, "இன்னுமாடி வலிக்குது? வைத்தியரக் கூப்பிடவா?" என்று கேட்கிறார்.

நீ கேட்டதைச் சொல்கிறேன். அவர் சொன்னது சூரியன். உருண்டை என்ற பேச்சே வரவில்லை. ஆலிமிடம் கேட்க வேண்டிய அவசியமே இல்லை, தெருவில் எல்லோரும் கேட்டார்கள்.

உள்ளே வந்ததும் ஒற்றைச் செருப்பை உதறினார். அது போய்த் தண்ணீர்ப் பானையில் பட்டது. "பானை ஒடஞ்சா யாரு வாங்குவா?" என்று நான் கத்தினேன். "மொதல்ல மூச்சு விட விடு" என்றார். நான் செம்பை எடுத்து அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றினேன். மஞ்சள் போகவில்லை, இன்னொரு தரம் ஊற்றினேன். என்னுடைய புதுத் துணியில் கையைத் துடைத்தார். பிடுங்கி, தோளில் ஒன்று வைத்தேன். உட்கார்ந்தார். "உங்கண்ணன் பருந்து எனக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கு" என்றார். பழத்தை எடுத்தார். உருண்டை விழுந்தது. அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். நான் முழுகாமல் இருக்கிறேன். நோன்புக்கு முன்னாலேயே தெரியும். அவர் இப்போதே தொட்டில் செய்ய மரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என்ன விஷயம் என்று சொல். நல்லதோ கெட்டதோ, சொல்லித் தொலை.

மன்னானா

*

மராகேஷ்
துல்கஅதா பிறை 11

மன்னானா,

முதலில் ஒரு கடிதம் எழுதினேன். பிள்ளைக்கு வாழ்த்து, மைத்துனனுக்கு ஸலாம், எல்லாம் நல்லபடி இருக்கிறது, பழைய கடிதத்தை மறந்துவிடு என்று. ஒட்டகக்காரர் கையில் கொடுத்தும் விட்டேன். பிறகு சந்தை வாசல் வரை ஓடிப்போய் அதைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். இனி மறைக்க என்னால் ஆகாது.

அந்தப் பருந்து உருண்டையைப் போடுவது சூரியன் அடையும் நேரத்தில் அல்ல. அடைந்து கொஞ்ச நேரம் கழித்து.

பள்ளிவாசல் நேரத்துக்குப் பொறுப்பாக இருந்த ஷெய்கு வர்யாக்லியும் நானும் பேசிச் செய்த ஏற்பாடு அது. மலை இருக்கிறது, மூடுபனி இருக்கிறது, குளிரில் தண்ணீர் ஒரு விதமாக ஓடுகிறது, வெயிலில் வேறு விதமாக. கண்ணிமைக்கும் நேரம் முந்தினாலும் ஊர் முழுக்க நோன்பு பாழாகும், பாவம் எங்கள் கழுத்தில். அதனால் பேணுதலுக்காகக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்தோம். கடிகாரம் செய்கிற எவனும் இதைச் செய்வான், எவனும் வெளியே சொல்ல மாட்டான். சொன்னால் பசித்தவன் பருந்தின் மேல் கல்லெறிவான். ஷெய்கு போன குளிர்காலத்தில் மௌத்தாகிவிட்டார். இப்போது இது தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

நோன்பை யார் எவ்வளவு தாமதமாகத் திறந்தால் என்ன, பசி கொஞ்சம் நீளும், அவ்வளவுதானே என்று நினைத்தோம். அந்தக் கொஞ்ச நேரத்தை நம்பி ஒருவன் பெண்டாட்டியைப் பணயம் வைப்பான் என்று எங்கள் இருவர் மண்டையிலும் உறைக்கவில்லை.

அது சந்தேகத்துக்காக வைத்த நேரம்தானே, அன்றைக்குச் சூரியன் எப்போது அடைந்ததென்று யாருக்குத் தெரியும் என்று நீ கேட்பாய். நானும் என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆனால் ஊரை விட்டுக் கிளம்பும் முன் தெளிந்த வானத்தில் சரிபார்த்துவிட்டுத்தான் வந்தேன். என் தண்ணீர் மயிரிழை பிசகவில்லை. இதில் பெருமைப்பட்ட காலம் உண்டு.

உருண்டை என்று அவன் சத்தியம் செய்திருந்தால் ஒன்றுமில்லை. சூரியன் என்றான். இனி எல்லாம் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது: அவன் படிக்குள் கால் வைத்தது சூரியன் அடையும் முன்பா, பின்பா? முன்பு என்றால் நீ அவன் மனைவி. பின்பு என்றால் முத்தலாக் விழுந்துவிட்டது. அது விழுந்தால் நீ இன்னொருவனுக்கு வாழ்க்கைப்பட்டுப் பிரிந்தாலொழிய அவனிடம் திரும்ப வழியில்லை. உனக்கே தெரியும்.

நான் அவனைப் பிடிக்காதவன், அதனால் இட்டுக்கட்டுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பிடிக்காது என்பது பொய்யில்லை. அதற்காக உன் வீட்டில் நெருப்பு வைப்பேனா? இப்படி நீ நினைப்பாய் என்று பயந்துதான் முதல் கடிதத்தில் காரணம் எழுதவில்லை.

இதோடு ஒரு செம்புக் கிண்ணம் அனுப்பியிருக்கிறேன். அடியில் ஓட்டை இருக்கும். தண்ணீரில் மிதக்கவிட்டால் ஓட்டை வழியாக நீர் ஏறி, ஏறி, கிண்ணம் முங்கும். மிதக்க விட்டதிலிருந்து முங்கும் வரை ஆகிற நேரம்தான் ஷெய்கும் நானும் பேணுதலுக்காக வைத்த நேரம். இந்தக் கிண்ணத்தை வைத்துத்தான் அன்று அளந்தோம்.

ஸைதூனையும் கூப்பிட்டு வைத்துக்கொள். அவனும் பார்க்கட்டும். அவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவன் படிக்குள் கால் வைக்கும் கணத்தில் கிண்ணத்தைத் தண்ணீரில் விடு. அன்று செய்ததையெல்லாம் செய்தபடியே செய்யுங்கள். பேரீச்சம்பழம் அவன் கைக்கு வந்ததும்தான் அன்று உருண்டை விழுந்தது; அதற்குள் கிண்ணம் முங்கிவிட்டால், அவன் வந்தபோது சூரியன் இன்னும் அடையவில்லை என்று பொருள். நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். முங்காவிட்டால்... அதை எழுத வேண்டாம்.

நான் சோதித்துப் பார்க்கவில்லை. உங்கள் வீட்டில் நடந்தது, நீங்களே பாருங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். கனமானதைத் தூக்காதே. மைத்துனருக்கு என் ஸலாம் சொல். தொட்டிலுக்கு வாதுமை மரம் நல்லது, பூச்சி அரிக்காது.

ஹம்மூ

*

ஃபாஸ்
துல்ஹஜ் பிறை 4

அண்ணா,

உன் கிண்ணம் வந்தது. கடிதத்தைப் படித்ததும் அடுப்படித் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு அவரைக் கூப்பிட்டுச் சொன்னேன். குதிப்பார், உன்னை ஏசுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ முகத்தைக் கழுவிவிட்டு வந்து, "சரி, வெச்சுப் பாரு" என்றார்.

வெளியே போய் நின்றார். படிக்குள் கால் வைத்தார். நான் கிண்ணத்தைத் தண்ணீரில் விட்டேன். செருப்பை உதறினார். பானை ஒடஞ்சா யாரு வாங்குவா என்றேன். மூச்சு விட விடு என்றார். அவருக்கும் நிஜமாகவே மூச்சு வாங்கியது. முதல் தரம் தண்ணீர் ஊற்றினேன். இரண்டாம் தரம் ஊற்றச் செம்பைச் சாய்த்தேன். அதற்குள் கிண்ணம் மடக்கென்று முங்கி அடியில் போய்த் தட்டியது.

அவர் அப்படியே தரையில் விழுந்து ஸஜ்தா செய்தார். எழுந்தவர் அழுதார், சிரித்தார், என்னைத் தூக்கப் போய் வயிற்றை நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார். "மச்சான இத்தன நாள் தப்பா நெனச்சுட்டேன்டி. தங்கமான மனுஷன். வேற எவனாவதுன்னா கமுக்கமா இருந்துட்டு நம்மள ஹராம்ல வாழ விட்டிருப்பான்" என்றார். அப்போதே ஓடிப்போய் உனக்காக ஒரு தோலை எடுத்து ஊறப்போட்டுவிட்டும் வந்தார்.

அவர் போன பிறகு கிண்ணத்தைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் துடைத்தேன்.

அண்ணா, நான் உன் பட்டறையில் வளர்ந்தவள். நீ துளை போடும்போது விளக்குப் பிடித்தவள். கிண்ணம் முழுக்கப் பழைய செம்பு, உள்ளே சுண்ணாம்பு படிந்து பச்சை பூத்திருக்கிறது. ஓட்டையின் விளிம்பு மட்டும் புதுச் செம்பாகப் பளபளக்கிறது. அரத்தை விட்டுச் சுற்றிய கோடு நன்றாகத் தெரிகிறது. விரல் நுனியை வைத்தேன், பிசிறு குத்தியது. பிசிறைக்கூட எடுக்காமல் அனுப்பிவிட்டாய். உன் கை அந்தப் பாடு பட்டிருக்கிறது.

நீ அவருக்கு ஸலாம் சொன்ன இடத்திலேயே நான் நின்றிருக்க வேண்டும். வாதுமை மரம் என்று எழுதியபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

சோதித்துப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாய். பார்த்திருக்கிறாய். நான் எழுதினதை வைத்துக்கொண்டு அந்த ஊர் அறையில் நீயே செருப்பை உதறி, நீயே கையில் தண்ணீர் ஊற்றி, நீயே பழத்தை எடுத்துப் பார்த்திருக்கிறாய். எத்தனை தரம் பார்த்தாயோ. கிண்ணம் மிதந்துகொண்டே இருந்திருக்கிறது. பழைய ஓட்டையே எங்களைக் காப்பாற்றியிருந்தால் நீ அரத்தைக் கையில் எடுத்திருக்க மாட்டாய். எனக்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

உன் மேல் கோபமில்லை. நம்பு. சின்ன வயதில் கடிகாரத் தொட்டித் தண்ணீரில் விளையாட்டாகக் கையை விட்டதற்கு என்னை அறைந்தவன் நீ. அப்படிப்பட்டவன் எனக்காக இதைச் செய்திருக்கிறாய் என்று நினைத்து நினைத்து அழுதேன். உன் பாவத்தில் நான் குடித்தனம் நடத்த முடியாது, அவ்வளவுதான். தெரியாமல் இருந்த வரைக்கும் இருந்தேன். தெரிந்த பிறகு எப்படி அவர் பக்கத்தில் படுப்பேன்?

அவரிடம் விளிம்பைக் காட்டவில்லை. காட்டினால் அவர் வாய் ஓயாது, மறுநாளே தோல் சந்தை முழுக்கப் பரவிவிடும். தங்கைக்காக ஓட்டையைப் பெரிதாக்கிய கடிகாரக்காரனின் உருண்டையை நம்பி இந்த ஊரில் எவன் நோன்பு திறப்பான்? உனக்கு அங்கேயும் வேலை இருக்காது, இங்கேயும் இருக்காது. அதனால் அவரிடம், உங்களோடு வாழ எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னேன். மஹர்ப் பணத்தை விட்டுத்தருகிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்றேன்.

"கிண்ணந்தான் முங்கிடுச்சே, இன்னும் என்னடி உனக்கு?" என்றார்.

பிடிக்கவில்லை என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன். மஞ்சள் கையோடு என் எதிரில் நின்றார். "புள்ளைய வயித்துல வெச்சுக்கிட்டு இதச் சொல்றியே. மச்சானே நம்மளச் சேத்து வெச்சுட்டாரு, நீ பிரிக்கிற" என்றார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இப்போது உன் வீட்டில்தான் இருக்கிறேன். சாவி பழைய இடத்திலேயே இருந்தது. தலாக் விழுந்தவள் பிள்ளை பிறக்கும் வரை காக்க வேண்டிய இத்தா இங்கேதான்.

அவர் இன்னும் என்னை விடச் சம்மதிக்கவில்லை. தினமும் தெருமுனையில் வந்து நிற்கிறார். உனக்கு ஆள் அனுப்பப் போவதாக ஆலிமிடம் சொல்லியிருக்கிறார். "மச்சான் சொன்னா அவ கேப்பா" என்கிறாராம். அந்தச் செம்மஞ்சள் பையோடு யாராவது வந்து நின்றால், தங்கைக்குப் புத்தி சொல்லும்படி கேட்டு அவர் அனுப்பிய ஆள் என்று தெரிந்துகொள்.

நீ எனக்காகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அவள் உனக்கு வேண்டாம், விட்டுவிடு என்று அவருக்கு எழுது. நீ சொன்னால்தான் அவர் நம்புவார். அவருக்கு நீ எழுதும் முதல் கடிதம் அதுவாகத்தான் இருக்கும், எனக்குத் தெரியும்.

மன்னானா